வீரம்மாளின் முகவரி

கொடைக்கானல் ஈரத்துக்குக் கம்ப்யூட்டர்கள் சீக்கிரம் கெட்டுப்போகும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் ஷம்ஷாத் மேடம் நடத்திய பெண்கள் இல்லத்தின் கோப்புகளையெல்லாம் இணையத்தில் ஏற்றிவைத்தேன். அடி தாங்காமல் ஓடிவந்த பெண்களுக்கு அவர் மலைக்கிராமங்களில் வீடும் வேலையும் பார்த்துக் கொடுப்பார். யார் எங்கே இருக்கிறாள் என்பது அவளவள் கோப்பில் இருக்கும். எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் நிரலை எழுதியவன் நான்.

2009 மழைக்காலத்தில் என் மனைவி ஜெயா வீட்டை விட்டுப் போனாள். நான் கதவைச் சாத்தியபோது அவள் கை இடையில் இருந்தது; விரல்கள் முறிந்துவிட்டன. கையை அவள் எடுத்திருக்கலாம். மறுநாள் வேலைக்குப் போனால் புதிதாக ஒரு கோப்பு. அதைத் திறக்கக்கூடியவர்கள் பட்டியலிலிருந்து மட்டும் என் பெயரை மேடம் நீக்கியிருந்தார். எப்படி நீக்குவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"ஜெயா இங்கதான வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. அது எங்கிட்டு இருக்குன்னு ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன். இனிமே ஒங்களுக்கு இங்க சோலி இல்ல. கெளம்புங்க."

குரலை உயர்த்தாமல் சொன்னார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் எழுதிய நிரலை வைத்தே என்னை வெளியே நிறுத்திவிட்டார். நேரே வீட்டுக்குப் போய் வேலையை ஆரம்பித்தேன்.

நிரலுக்குள் போகும் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. வீட்டிலிருந்தே என் பெயரை மறுபடி சேர்த்து ஜெயாவின் கோப்பைத் திறந்தேன். முகவரி எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. மற்ற எல்லாப் பெண்களின் முகவரியும் இருந்தது.

எனக்குத்தான் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இல்லத்துக்கு மின்னஞ்சல் போட்ட கணவன்மார் பலர் இருந்தார்கள். அவரவர் மனைவியின் கோப்பு அவரவருக்குத் திறக்கும்படியும், அதற்கான இணைப்பு அவரவர் மின்னஞ்சலுக்குப் போகும்படியும் நிரலில் சில வரிகள் சேர்த்தேன். ஒருவன் மனைவியின் கோப்பு இன்னொருவன் கண்ணில் படக்கூடாது என்று சரிபார்த்துத்தான் நிரலை ஓட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்கிற பழனிமுத்து மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிவிட்டான். மன்னவனூரில் அவன் மனைவி வீரம்மாள் கேரட் கழுவிக்கொண்டிருந்தாளாம். அவனைக் கண்டதும், "ஏங்க, புள்ளைய மட்டும் விட்டுருங்க" என்றாளாம். நீங்கள்தான் சொன்னீர்கள். அவன் இரண்டு பேரையும் உயிரோடு விடவில்லை.

மற்ற பெண்களின் வீடுகளுக்கு ஜீப் அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஏட்டு சொன்னார். நல்ல காரியம்.

ஆமாம், திறந்துவிட்டது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் பழனிமுத்து செய்ததை என் தலையில் கட்டாதீர்கள். அவனுக்கு நான் கொடுத்தது பார்க்கும் அனுமதி மட்டும்தான் ஐயா. அழிக்கும் அனுமதியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.