மனசு லேசாக ஒரு கேப்சூல்

— இன்னொண்ணு போட்டுப் பாருடி. கடையில ரொம்ப நாள் கிடந்ததா இருக்கும்.

— போட்டாச்சுக்கா. இதுலயும் ரெண்டு கோடுதான். கர்ப்பம்தான். குச்சிக்கு என்ன, பொய் சொல்லிச் சம்பாதிக்கணுமா?

— மெதுவாப் பேசு. ஹால்ல அம்மா டிவி சத்தத்தைக் குறைச்சிட்டாங்க. குழாயைத் திறந்து விடு.

— திறந்துதான் விட்டிருக்கேன். உங்க அம்மாவுக்குக் குழாயைத் தாண்டியும் காது கேக்கும்.

— சரி விடு, கதவைத் திற. எவ்வளவு நேரம்தான் பாத்ரூமுக்குள்ளயே நிப்ப?

— மாட்டேன். எவ மூஞ்சியையும் பாக்கப் பிடிக்கல, என் மூஞ்சி உள்பட. திங்கக்கிழமை டிரெய்னிங் சென்டர்ல மெடிக்கல் டெஸ்ட். ரயில் எஞ்சின்ல ஏறப் போறவளை வயித்துல புள்ளையோட உள்ள விடுவானா? எங்கப்பா தண்டவாளத்துல கல்லு கொட்டினவர்க்கா. அது மேல நான் வண்டி ஓட்டணும்னு எத்தனை ராத்திரி முழிச்சுப் படிச்சேன்!

— அடுத்த வருஷம் போயேன், கண்ணு.

— அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும். தெரியாத மாதிரி பேசாதீங்க.

— சரி விடு, சரி விடு. அழாத.

— அழல. எரியுது. ஒரு நாள் விடாம, அலாரம் வெச்சு முழுங்கினேன். நீங்க வாங்கிட்டு வந்த கருத்தடை மாத்திரையில சுண்ணாம்பை அடைச்சு வெச்சிருந்தானா?

— என்னையா சந்தேகப்படுற? உன் புருஷன், என் தம்பிதான், அம்மாவுக்குப் பயந்து மருந்துக்கடைப் படியே ஏற மாட்டேன்னான். தையல் கடையிலேருந்து வரும்போது நூல்கண்டுக்கு அடியில ஒளிச்சு மாசாமாசம் கொண்டு வந்தது யாரு?

— நீங்கதான். அதனாலதான் இதையும் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இருங்க, ஃபோன் அடிக்குது. மருந்துக்கடை மேடம். காலையிலேயே கேட்டு வெச்சிருந்தேன்... ஹலோ, ஆமா மேடம், நான்தான். இல்ல, ஒண்ணுகூட விடல. வாந்தி, பேதி எதுவும் இல்ல. வேற மருந்தா? எதுவும் சாப்பிடல... மூலிகையா? அது மருந்தில்லையே மேடம், வெறும் பூ. மஞ்சப் பூ. காயவெச்சு கேப்சூல்ல அடைச்சிருக்கும். மனசு பாரமா இருந்துச்சுன்னு... ஆமா, டப்பாவுல அந்தப் படம்தான்... என்ன மேடம் சொல்றீங்க?... சரி. சரிங்க. டாக்டரைப் பாக்குறேன்.

— என்னவாம்?

— அந்தப் பூவை கருத்தடை மாத்திரையோட சேத்துச் சாப்பிடவே கூடாதாம். ஈரலை முடுக்கி விட்டு, மாத்திரையை உடம்புல நிக்க விடாம வெளிய தள்ளிருமாம். நான் காலையில முழுங்கினதை, சாயங்காலம் நீங்க குடுத்தது தொரத்தி விட்டிருக்கு.

— நான் குடுத்ததா?

— ஆமாக்கா, அந்தப் பூதான்.

— முதல்ல வெளிய வா.

— சிரிப்பா வருது. மனசு லேசாச்சு, வயிறு கனமாச்சு! உங்க அம்மா குத்திக் குத்திப் பேசினதுல நான் பித்துப் பிடிச்ச மாதிரி கிடந்தப்ப, நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல வந்து உக்காந்து, 'பூதானேடி, ஒண்ணும் பண்ணாது'ன்னு குடுத்தீங்க. டிகிரி வாங்கின எனக்கே யாரையாவது கேக்கணும்னு தோணல. இலை, பூன்னா அப்பாவின்னு நெனச்சிட்டேன். இதுல உங்களை என்னன்னு திட்டுறது?

— கதவைத் திறடி.

— இந்தாங்க, திறந்தாச்சு. என்னக்கா இது? என்னைவிட நீங்க ஜாஸ்தி அழுறீங்க! விடுங்க, தெரியாமச் செஞ்சதுதானே. டாக்டர்கிட்ட என்கூட வாங்க, போதும். வெச்சுக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். உங்க தம்பிகிட்டயும் நானே பேசிக்கிறேன்.

— நீ போயிட்டா, சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு எனக்கு இந்த வீட்டுல ஆள் கிடையாது. புருஷன் வீட்டுலேருந்து திரும்பி வந்தவளை எங்கம்மா உடைஞ்ச நாற்காலியைப் பாக்குற மாதிரிதான் பாக்குறாங்க. நீ வந்த பிறகுதான் நான் வாயைத் திறந்து பேசவே ஆரம்பிச்சேன்.

— அதுக்கென்ன இப்ப? டிரெய்னிங்தானே, ஒரேயடியாவா போறேன்? அதுவும் இனிமே உண்டோ இல்லையோ. எதுக்கு இதையெல்லாம் இப்பச் சொல்றீங்க?

— அந்த மூலிகைக் கடைக்காரர் நல்லவர்டி. யாருக்குன்னு கேட்டார். 'கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்கன்னா குடுத்திராதீங்கம்மா, அது வேலை செய்யாமப் போயிரும்'னார்.

— சொன்னாரா?

— ஒரு டப்பாதான் கேட்டிருந்தேன். அவர் அதைச் சொன்ன பிறகுதான், ரெண்டாக் குடுங்கன்னேன்.