சஃப்தாவின் குற்றம்

— இந்த வரியை நான் எழுத மாட்டேன் மலினா. அடிச்சுடு.

— அம்மா, திரும்பவும் ஆரம்பிக்காத. நாளைக்குக் காலையில உனக்குப் பரீட்சை. முன்னுரை, மூணு பாயிண்ட், முடிவுரை. மனப்பாடம் பண்ணிட்டுப் போய் அப்படியே இறக்கி வச்சுட்டு வா. நாடு முழுக்க அப்படித்தான் எழுதுது. இது பத்துக்கு ஒம்பது மார்க் வாங்கின கட்டுரை.

— "சஃப்தா தன் சுகத்திற்காகப் பெற்ற பிள்ளைகளைக் கைவிட்டாள்." யாருடி பார்த்தா அவ சுகத்தை? பிரைலா துறைமுகத்துல விரல் கிழியக் கோதுமை மூட்டை தைக்கிறதுதான் சுகமா?

— அது நாவல்ல எங்கயோ ஒரு ஓரத்துல வருது.

— ஓரமா? நாலு அத்தியாயம். சமையலுக்கு முட்டைக்கோஸ் இலை உருட்டிக்கிட்டே படிச்சவ நான், எனக்கே தெரியுது. உங்க டீச்சர் அட்டையை மட்டும் பார்த்திருப்பா போல.

— டீச்சரை விடும்மா.

— ஏன் விடணும்? ஆத்துல தண்ணி வத்தி மாவு மில்லு நின்னுபோச்சு. புருஷன் குடிச்சுட்டு சுவரைப் பார்த்து உக்காந்திருக்கான். யாராவது ஒருத்தர் போயாகணும். அவ போனா. இதான் என் முதல் பாயிண்ட். எழுதிக்கோ.

— அப்பா குடிக்கல.

— நான் சஃப்தா புருஷனைச் சொன்னேன்.

— ஆமா, சொன்ன. இத்தாலியில, பாதுவால ஏழு வருஷம் கிழவிகளுக்கு மலம் அள்ளின கதையைப் பரீட்சைத் தாள்ல எழுதப் போற.

— எழுதினா தாள் நாறுமா?

— ஃபெயிலாயிடுவ. இது பாஸானாத்தான் இங்க ஆஸ்பத்திரியில வேலைக்கு எடுப்பாங்க. இல்லன்னா மறுபடி இத்தாலிக்குத்தான் பஸ் ஏறணும். தெரியும்ல?

— ஏறினாலும் ஏறுவேன். உங்கம்மா தோம்னிகா பொய் எழுத மாட்டா.

— அதானே. பஸ் ஏறுறது உனக்குக் கைவந்த கலை.

— ...ரெண்டாவது பாயிண்ட். வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சதும் வண்டிக்காரன்கிட்ட துணியும் சர்க்கரையும் கொடுத்தனுப்பறா. இந்தக் கட்டுரையில அதைப் பத்தி மூச்சே இல்ல.

— பொண்ணு அந்தத் துணியைத் தொடவே இல்லன்னும் அங்கயே இருக்கு. நீ அதை விட்டுட்ட.

— சின்னப் பொண்ணு. கோவம்.

— நீ வேன்ல அனுப்பின பூட்ஸ் ஒரு வருஷம்கூட என் காலுக்குச் சேரல. அத்தை அதை யார்கிட்டயாவது கொடுத்துட்டு வேற வாங்கித் தருவா.

— போன்ல ஏன்டி சொல்லல?

— சொன்னா அழுவ. நீ அங்க அழுதா நான் இங்கிருந்து என்ன பண்றது?

— சரி. அதையும் எழுதறேன். பிள்ளை கால் வளர்ந்தது தெரியாம அனுப்பினா, அது அவ தப்புதான். ஒத்துக்கறேன். சுகத்துக்குப் போனான்னு மட்டும் எழுத மாட்டேன். முடிவுரை அதுக்கு மேல. "மனசாட்சியே அவளைக் கொன்றது." அவ விஷக் காய்ச்சல்ல செத்தா. மனசாட்சி கொல்றதா இருந்தா ஊர்ல பாதிப் பேருக்கு எப்பவோ காரியம் முடிஞ்சிருக்கும்.

— போதும்மா.

— போதாது. பரீட்சை முடிஞ்ச கையோட இதை எழுதினவளைப் போய்ப் பார்க்கப் போறேன். பெத்ததுங்களைத் தூங்க வச்சுட்டு வாசப்படி தாண்டினா எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியுமான்னு கேக்கணும். பேரைச் சொல்லு. எந்த டீச்சர்?

— டீச்சர் கொடுத்த தாள்ல சஃப்தா பாவம், வேற வழியில்லாமப் போனான்னுதான் இருந்துச்சு. அதை எழுத எனக்கு மனசு வரல. போன ஜூன்ல பரீட்சை ஹால்ல உக்காந்து நானே எழுதினதும்மா இது.