ஐந்து தோட்டா, ஒரே ஓட்டை

ஐந்து தோட்டாக்களை ஒரே ஓட்டை வழியாக அனுப்பியவன் நான், அதிகாரி அம்மா. ஐம்பதடி தள்ளி நின்று, ஒற்றைக் கையால். கடைசித் தோட்டா ஓட்டையின் ஓரத்தைத் தொடக்கூட இல்லை. கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாப்பிள்ளை மாதிரி நடுவாசல் வழியாக நிமிர்ந்து போனது. நீங்கள் சிரிக்கவில்லை, நல்ல வளர்ப்பு. காப்பிக்கும் நன்றி. கோப்பைதான் சரியில்லை, தளும்பிக்கொண்டே இருக்கிறது. இப்போது வருகிற கோப்பைகள் எல்லாமே இப்படித்தான்.

அந்த ரிவால்வரைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வைத்திருக்கிறீர்களே, உள்ளே ஈரம் கட்டும். எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து வையுங்கள், இரும்பின் மேல் இருக்கிற நீலமெருகு போய்விட்டால் திரும்ப வராது. அப்பா வாங்கியது. வால்நட் மரப் பிடி என் உள்ளங்கைக்குத் தேய்ந்து பழகியிருக்கிறது. இருப்பதிலேயே சின்னத் தோட்டா, விளிம்பில் அடி வாங்கி வெடிக்கிற ரகம். சத்தம் கேட்டு அணில்கூட முழுதாகப் பயப்படாது. இதை வைத்து ஒரு ஈயின் மீசையைச் சிரைத்திருக்கிறேன். இன்னொரு பக்கத்துக்காக ஈ தலையைத் திருப்பிக் காட்டியது. அந்தக் கதையைச் சொன்னபோது ஊரே தோளில் தட்டிச் சிரித்தது, யாரும் பொய் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன அன்றுதான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் சுடும் கிளப்பில் வெள்ளிக்கிழமைப் போட்டி. ஒரு சுற்றுக்கு ஐந்து தோட்டா. ஆறு அறையுள்ள ரிவால்வரில் ஒன்றைக் காலியாக விட்டுத்தான் நிரப்புவோம். சுற்று முடிகிறவரை யாரும் மதிப்பெண்ணைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. முடிந்ததும் ஹார்லன் எழுந்து போய்க் காகிதத்தைப் பார்த்துச் சொல்வான். அவன் சொன்னதுதான் தீர்ப்பு. ஊருக்குத் தபால் கொண்டுவந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் சுட்டு முடித்தேன். காகிதத்தின் நடுவில் ஒரே ஓட்டை. ஹார்லன் மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தான்.

"ஒரு பத்து. நாலு பூஜ்யம்."

"அஞ்சும் அதுலதான் போச்சுடா."

"அப்படியா? அப்ப மிச்ச நாலும் டிக்கெட் வாங்கி வரிசையில நின்னுச்சுங்களா, வென்டல்?"

காகிதத்துக்குப் பின்னால் மணல்மேடு. அதில் ஊர்க்காரர்கள் எல்லோருடைய ஈயமும் கலந்து கிடந்தது. எதைத் தோண்டி எதை நிரூபிக்க?

அதற்குப் பிறகு எனக்கு ஊரில் பெயர் 'ஒத்தை ஓட்டை'. இரும்புச் சாமான் கடையில் ஒரு ஆணி கேட்டால், "ஒண்ணு போதுமா வென்டல், அஞ்சையும் அதே ஓட்டையில அடிச்சிருவியே" என்பார்கள். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு என்னிடம் வரும்போது பின்வரிசையில் ஒரு கனைப்பு. தீயணைப்பு நிலையக் கூடத்தில் காலை விருந்துக்குப் போனால் என் தட்டில் மட்டும் ஒரு டோனட் வந்து உட்காரும், ஓட்டையோடு. என் மனைவி நடீன்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மலைக்கு நடுவில் இருக்கிற ஊர், அம்மா. ஒரு சாலை உள்ளே வருகிறது, அதே சாலை வெளியே போகிறது. பென்சில்வேனியாவின் இந்த மூலையில் ஒருவனுக்குப் பெயர் விழுந்துவிட்டால், அவனைப் புதைக்கிறபோதுதான் அதையும் சேர்த்துப் புதைப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு எதிரே அந்த டோனட் இருந்தது. அதன் ஓட்டைக்குள் நான் இருந்தேன்.

நான் கோபக்காரன் இல்லை. எத்தனையோ குளிர்காலத்தைச் சிரித்தபடியே கடத்தினேன். போன சனிக்கிழமை பக்வீட் மாவு அப்ப விருந்தில் ஹார்லன் எழுந்து நின்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தான். பலகையில் ஆணியடித்து, வார்னிஷ் பூசிய டோனட். "நம்ம வென்டலுக்குக் கை ஆட ஆரம்பிச்சிருச்சு, இனிமே சுட வரமாட்டான். அதான் வழியனுப்பி வைக்கிறோம்" என்றான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கை ஆடுகிறது என்று யார் சொன்னது? டாக்டர் ஏதோ சொன்னார். டாக்டர் மீன்பிடிக்கிற ஆள், அவருக்குக் குறிபார்ப்பதைப் பற்றி என்ன தெரியும்.

மறுநாள் மதியம் ஹார்லனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நடீன் ஈரி நகரத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மான்கறி சாசேஜ் நறுக்கி வைத்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டான். பிறகு நிலவறைக்கு இறங்கினோம். அங்கேதான் நான் சுட்டுப் பழகுவது. ஒரு கோடியில் பழைய நிலக்கரி அறை இருக்கிறது, பலகைக் கதவு போட்டது. "உள்ள ஒரு விளக்கை மாட்டுடா ஹார்லன். கதவுல சுடறேன். எத்தனை ஓட்டைன்னு வெளிச்சமே சொல்லிரும், உனக்கும் கண்ணாடி துடைக்கிற வேலை மிச்சம்" என்றேன். தானாகத்தான் உள்ளே போனான். யாரும் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கொண்டியைப் போட்டேன். கதவு காற்றில் ஆடக்கூடாது என்பதற்காக. நிலவறையில் காற்று கிடையாது என்பீர்கள், அதுவும் சரிதான்.

"வென்டல், கதவு சிக்கிக்கிச்சுப்பா."

"சிக்கல. நான்தான் கொண்டி போட்டேன்."

"டேய், விளையாடாத. எனக்கு மூட்டுவலி."

"உக்காரு அப்ப."

முதல் தோட்டாவைச் சுட்டேன். கதவில் ஒரு மஞ்சள் புள்ளி பூத்தது.

"ஓட்டை தெரியுதா ஹார்லன்?"

"பைத்தியமாடா உனக்கு? காதுகிட்ட போச்சு."

"நல்லதாப் போச்சு, எங்கன்னு தெரிஞ்சுக்கிட்ட. மிச்ச நாலும் அதே வழியாத்தான் வரும். அத விட்டு எங்க வேணா நில்லு. ஒரு கீறல் படாது."

நான் செய்தது அவ்வளவுதான், அம்மா. யோசித்துப் பாருங்கள், இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உண்டா? என் வார்த்தையை நம்புகிறவனுக்கு அந்த அறையில் ஓட்டைக்கு எதிரே உள்ள கோடு ஒன்றுதான் ஆபத்து. நம்பாதவனுக்குத்தான் நிற்க இடம் கிடையாது. அவன் எங்கே நிற்பது என்பதை நானா முடிவு செய்தேன்?

"நம்புறேன்டா. சத்தியமா நம்புறேன். அன்னைக்கும் அஞ்சும் போச்சு. போதுமா? கதவத் திற."

அப்போதே திறந்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் சுற்று முடிவதற்கு முன்னால் மதிப்பெண் சொல்லக்கூடாது. அந்த விதியை இத்தனை வருஷம் கட்டிக் காத்தவனே அவன்தான்.

"சுத்து முடியட்டும்டா," என்றேன். "நாலு பாக்கி இருக்கு."

நிலக்கரி கொட்டுகிற இரும்பு மூடியை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பூனை நுழையலாம் அதில், ஹார்லன் நுழைய முடியாது. அதற்கு அந்த அப்பங்கள்தான் காரணம். நான் மூச்சை இழுத்துப் பாதி விட்டேன், அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரி. இரண்டு. மூன்று. உள்ளே ஸ்டூலை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். நான்கு. நாலாவதுக்குப் பிறகு அவன் தன் மகள் பெயரைச் சொன்னான் என்று நினைக்கிறேன், அது போட்டிக்குச் சம்பந்தமில்லாதது. ஐந்து. ஆறாவது அறை காலி, வழக்கம்போல. நான் கொடூரமானவன் இல்லை.

நீங்கள் காட்டுகிற இந்தப் புகைப்படத்தைப் பார்த்தேன். கதவில் ஐந்து ஓட்டைகள். ஒன்று தலை உயரத்தில், ஒன்று முழங்கால் உயரத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. பழைய கதவு, அம்மா. பூச்சி அரித்திருக்கும், ஆணி கழன்றிருக்கும். அவன் உடம்பில் மூன்று தோட்டாக்கள் இருந்தன என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். ஒரே வழியாக மூன்று வருகிறபோது ஒருவன் அந்த வழியிலேயே போய் நின்றால் மூன்றும் அவனிடம்தானே இருக்கும்? உடனே யாரையாவது கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொன்னீர்கள். கூப்பிட்டேனே. மேலே ஏறிப்போய் முதல் வேலையாகக் கிளப்புக்குத்தான் போன் செய்தேன், அந்தப் பழைய மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ளச் சொல்லி. அந்தப் பக்கம் எடுத்தவன் சிரித்தான். பிறகு சாசேஜை மூடி வைத்தேன். கொண்டியை எடுக்கத்தான் மறந்துபோனது.

இந்தக் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள், மேசை ஆடுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். வாக்குமூலத்தின் தலைப்பில் கொலை என்று போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்து இடுகிறேன். ஆனால் ஹார்லன் சொன்னதையும் கீழே எழுதிவிடுங்கள். அறைக்கு உள்ளே இருந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான், நீங்களோ நானோ இல்லை. சுற்று முறைப்படி முடிந்த பிறகு, கதவில் காதை வைத்துக் கேட்டேன், எத்தனை ஓட்டைடா என்று. இன்னொரு முறையும் கேட்டேன். பிறகு கீழே, தரையோடு தரையாக அவன் குரல் வந்தது. அதில் கிண்டல் கொஞ்சம்கூட இல்லை.

"ஒண்ணுதான், வென்டல். ஒரே ஓட்டைதான். அன்னைக்கும்... அப்படித்தான் நடந்துச்சு."