தண்ணி நிறுத்துன அன்னைக்கு

இல்லீங்க மேடம், நான் மாத்தி மாத்தியெல்லாம் பேசலீங்க. போலீசுன்னாலே வாய் கொளறுது, அவ்வளவுதான். சின்னவன் பசியில அழுவுறான், பால் குடுத்துட்டே சொல்லட்டுங்களா?

கோழிக்குத் தடுப்பு மருந்து குடுக்கற நாளுங்க அது. அன்னைக்குக் காத்தாலயே பண்ணையில தண்ணிய நிறுத்திருவாங்க. தாகத்துல கெடந்தாத்தான் கோழி மருந்துத் தண்ணிய ஒரே மூச்சாக் குடிக்கும். பண்ணைக்குள்ளயே குடியிருக்கற எங்க ஊட்டுக்கும் அதே டேங்குதான். அதனால மொத நாளே பாட்டில்ல புடிச்சுச் செவுத்தோரமா வெச்சுக்குவோம். அதுல ஒண்ணுல கோழிச் செட்டு கழுவற மருந்து இருந்திருக்குது. பாத்தா தண்ணி மாதிரியேதான் இருக்கும். எம்பொண்ணு தமிழினி தண்ணி தண்ணின்னு அழுதா. எங்க மாமியா எடுத்துக் குடுத்துட்டாங்க. மூணு வயசுப் புள்ளைங்க. தொண்டையெல்லாம் வெந்து, இப்ப ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள குழாய் போட்டுக் கெடக்கறா.

நானா? செட்டுல முட்டை பொறுக்கிட்டு இருந்தேனுங்க.

கண்ணால பாத்தேனுங்க. செட்டுலருந்தே...

ஓ, நீங்க போயிப் பாத்துட்டீங்களா? ஆமாங்க, அங்கிருந்து ஊடு தெரியாதுதான். அப்ப வாசல்ல நின்னேன்னு எழுதிக்கோங்க.

மருந்து ஊட்டுக்கு எப்படி வந்துச்சுன்னா, பாத்ரூம் கழுவறதுக்குங்க. ஓனருக்குத் தெரியாம எல்லாருந்தான் எடுப்பாங்க. தண்ணி பாட்டில்ல ஊத்தாதடின்னு, கொண்டாந்த அன்னைக்கே அத்தை திட்டுனாங்க.

ஆரையா? அது... பொதுவாத் திட்டுனதுங்க. அவங்களுக்கு வாய் ஜாஸ்தி. எனக்கு ரசம் வெக்கத் தெரியாதுன்னு பண்ணை பூராச் சொல்லி வெச்சிருக்காங்க.

எங்கூட்டுக்காரரு லாரிக்குப் போயிருந்தாரு. சேதி கேட்டு வந்துட்டே இருக்காரு. பாப்பான்னா அவருக்கு உசுருங்க. பெத்த அம்மா செஞ்சதுன்னா பத்து நாள் பேசாம இருப்பாரு. நான்னா வெச்சிருக்க மாட்டாருங்க.

என்னங்க? ஒத்துக்கிட்டாங்களா? அத்தையா? நாந்தான் குடுத்தேன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களா? கைநாட்டும் வெச்சுட்டாங்களா?

மருமகளுக்குக் கைக்கொழந்தை இருக்குது, அவள ஒண்ணும் கேக்காதீங்கன்னாங்களா...

இவனக் கொஞ்சம் புடிங்க மேடம். இல்லீங்க, புடிங்க.

அத்தை அன்னைக்கு ஊட்லயே இல்லீங்க. மல்லசமுத்திரத்துல ஒரு எழவுக்குப் போயிருந்தாங்க. நான் பாப்பாவத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனப்பத்தான் பஸ்ஸ உட்டு எறங்குனாங்க. ஒரு வார்த்தை கேக்கலீங்க. எங்கையில இருந்த பாட்டில மட்டும் வாங்கி முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.