அத்தை சொன்ன சாட்சி

யுத்த காலம்; பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் கரி பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த இளம்பெண், பக்கத்தில் கூடையுடன் இருந்த கடலைக்காரியிடம் சொன்னாள்:

"எம் புருசன் எம்மேல போட்ட கேஸு இன்னைக்குத் தள்ளுபடி ஆயிருச்சுக்கா."

"பொண்டாட்டிமேல கேஸா? எதுக்கு?"

"அடி தாங்காம எங்க ஆத்தா வீட்டுக்கு வந்துட்டேன். நான் திரும்பி வந்து குடும்பம் நடத்தணும்னு கோர்ட்டுல கேட்டாரு. இப்படி அடிக்கிறவன்கிட்ட போகச் சொல்ல முடியாதுன்னு ஜட்ஜு சொல்லிட்டாரு."

"வீட்டுக்குள்ள அடிச்சதுக்குச் சாட்சி ஏது?"

"எங்க அத்தை பாத்தாக. அவுகதான் கூண்டுல ஏறிச் சொன்னாக."

"பெத்த மகனுக்கு எதிராவா! அந்தம்மா இனிமே அவன் வீட்டுல எப்படிச் சோறு திங்கும்?"

ஜன்னலோரம் துணி மூட்டையுடன் இருந்த வயதான அம்மாள் அப்போதுதான் திரும்பினாள்.

"அங்கிட்டு எதுக்குத் திங்கணும்? நான் இவ கூடல்ல போறேன்."

இளம்பெண் சிரித்துக்கொண்டே மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாச் சாஞ்சு ஒக்காருங்க அத்தை. ஊரு வர இன்னும் நேரமிருக்கு."