ஆறு இஞ்ச் அரிந்த துவக்கு

லவால் நகருக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு தமிழர். இளையவர் சொன்னார்: "கொம்பனியே குழலைக் கட்டையாச் செய்து வித்த துவக்கெண்டால் பிழையில்லை, அண்ணை. வீட்டில அரிஞ்சு கட்டையாக்கினால்தான் குற்றம்."

ஐந்தாம் வகுப்போடு வந்து இந்த ஊரில் இரண்டு கடை நடத்தியவன் நான். எனக்கே இந்தத் துப்பாக்கிச் சட்டம் தெரியாது.

"முயல் சுடுற சின்னத் துவக்கு, தம்பி. வருத்தம் வந்து மெலிஞ்சாப் பிறகு என்ர மனுசியால அதைத் தூக்கிப் பிடிக்க ஏலேல்லை. அதுதான் குழலை ஆறு இஞ்ச் அரிஞ்சு விட்டனான்."

"அக்காவுக்காக எண்டாலும் சட்டம் விடாது. அதைக் காரில கொண்டு திரியாதேங்கோ. முதல்ல ஒரு லோயரிட்டக் கேளுங்கோ. பேந்து அவர் அறிவிக்க, பொலிஸ் வீட்டை வந்து எடுத்துக்கொண்டு போகும்."

"அவள் அதைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிச்சதும் குற்றமோ?"

இளையவர் கைப்பேசியை எடுத்து லோயர் ஒருவரின் எண்ணைத் தேடினார்.

"துவக்கு அவளின்ர பேரிலதான் பதிஞ்சு கிடக்கு. அவள் செத்து முப்பத்தொண்டாம் நாள் கிரியை கூட முடியேல்லை. அரிஞ்சது நான், அவளின்ர பேரை எழுதாதேங்கோ எண்டு பொலிசுக்குப் பிரெஞ்சில எப்பிடிச் சொல்லுறது?"

இளையவர் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். இறங்கும்வரை மூத்தவர் அந்த ஒரு வரியையே பிழைபிழையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.