டோனர் கார்டு

"ரத்தம் என்னோடதுதானே ரமா?" என்று முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மனைவியிடம் கேட்டார். கொல்கத்தாவில் சால்ட் லேக் போகும் பஸ்ஸில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

"ரத்தம் உங்களோடது. கார்டு ஆத்துக்கு. துர்கா பூஜை கிளப் நடத்தின கேம்ப்ல ரத்தம் குடுத்ததுக்கு, அவசரத்துக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கோங்கோன்னுதானே அதைக் குடுத்தா? நேத்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கேள்."

"அவர் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். அழுதார்."

"அடுத்த வாரம் நம்ம பொண்ணுக்குப் பிரசவம். டாக்டர் ரத்தம் ரெடியா வைக்கச் சொல்லியிருக்கா. நீங்க மறுபடியும் குடுக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகணும். அன்னிக்கு நான் எந்த வாசல்ல போய் அழட்டும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டுப் போனார். பிறகு அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினார்.

"என்னோடது. அதே கேம்ப்ல, நீங்க கெளம்பினப்புறம் நானும் குடுத்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா, நேத்து ரெண்டையும் குடுத்துட்டு வந்திருப்பேள்."